பாடத்திட்டமா? ஆட்சேர்ப்பு விளம்பரமா?

வவுனியா மண்ணிலே 1991ஆம் ஆண்டில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக முளைத்து, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகக் கிளைவிட்டு, 2021 ஆகஸ்ட் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாகத் தலைநிமிர்ந்தது நமது உயர்கல்விக் கூடம். போரையும் இடப்பெயர்வையும் கடந்து நிமிர்ந்த கூடம் அது. அங்கே தகவல் தொழினுட்பப் பட்டமும் வழங்கப்படுகின்றது. அப்பட்டத்திற்குரிய பாடங்கள் யாவையாக இருத்தல் வேண்டும் என்பது பேராசிரியர்களுக்கு மட்டும் உரிய வினாவன்று. இந்நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி பொதுப் பணத்தால் நடைபெறுகின்றது. கமக்காரன் வாங்கும் சீனியிலும் எரிபொருளிலும் செலுத்தும் வரி அப்பணத்தில் அடங்கும். ஆகவே, கேட்கும் உரிமை வன்னி மக்களுக்கு உண்டு.

இன்று ஒரு கூக்குரல் எழுப்பப்படுகின்றது. “கணிதம் எதற்கு? தருக்கம் எதற்கு? கம்பனிகள் கேட்கும் கருவிகளைக் கற்பியுங்கள், பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்” என்பதே அக்குரல். கேட்பதற்கு இனிக்கும் சொல். ஆனால் நஞ்சு தோய்ந்த சொல்! ஒரு காலத்தில் இணையத்தளங்களையெல்லாம் ஆட்டிப்படைத்தது ‘பிளாஷ்’ என்னும் கருவி. அதனைக் கற்றால் வாழ்வு உறுதி என்று நம்பியோர் பலர். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அதனைத் தன்வசம் வைத்திருந்த நிறுவனமே கைகழுவிவிட்டது. மறுபுறம், 1970இல் எட்கார் கொட் என்னும் அறிஞர் தரவுகளை அட்டவணைகளாகத் தொடர்புபடுத்தும் கோட்பாட்டை வெளியிட்டார். வங்கியும் வைத்தியசாலையும் இன்றும் அக்கோட்பாட்டின் மீதே தரவுகளைச் சேமிக்கின்றன. கருவி மாண்டது, கோட்பாடு வாழ்கின்றது. எதனைக் கற்பிப்பது அறிவுடைமை?

இப்பொழுதோ செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. வழக்கமான நிரல்களை இயந்திரமே எழுதுகின்றது. கருவியை மட்டும் கற்றவனின் வேலையை முதலில் பறிப்பது அதுவேயாகும். இயந்திரம் எழுதியது சரியா, பிழையா என்று நிறுத்துப் பார்க்க வல்லவன் எவன்? அடிப்படையைக் கற்றவன் அல்லனோ?

“அடிப்படைப் பாடங்கள் ஏட்டுச் சுரைக்காய், அவற்றால் கமத்துக்கு என்ன பயன்?” என்று கேட்போரும் உளர். அவர்களை இரணைமடுவின் அணைக்கட்டுக்கு அழைக்கின்றோம். 2018 டிசம்பரில் பெருமழை பெய்தது, குளம் நிரம்பியது, வான் கதவுகள் திறக்கப்பட்டன, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரம் மக்கள் வெள்ளத்தில் அல்லலுற்றனர். கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழை குளத்தை வந்தடையச் சில மணி நேரமாவது செல்லும். அந்நேரமே மக்களைக் காக்கும் நேரம். மேலே உள்ள மழைமானியின் அளவைக் கீழே அனுப்புவது வலையமைப்புப் பாடம். பல ஆண்டுகளின் அளவுகளைச் சேமித்து நொடியில் எடுப்பது தரவுத்தளப் பாடம். எவ்வளவு மழைக்கு நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்று மதிப்பிடுவது புள்ளிவிபரவியல். ஒரு குளத்தின் வான்நீர் அடுத்த குளத்திற்குப் பாயும் குளத்தொடர் முழுவதையும் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து கணிப்பது வரைபுக் கோட்பாடு. 1736இல் ஒயிலர் என்னும் கணித மேதை பாலங்களைப் பற்றிய புதிர் ஒன்றிலிருந்து தொடங்கிய கலை அது. ஏட்டுச் சுரைக்காய் என்று இகழப்பட்ட பாடங்கள் நான்கும் ஒரே குளக்கட்டில் வந்து நிற்கின்றன!

எனவே, பாடங்களை வெட்டுவது நமது கோரிக்கையன்று. அவற்றை வன்னி மண்ணில் ஊன்றுவதே நமது கோரிக்கை. கொழும்பின் அங்காடிக் கணக்கையும் அயல்நாட்டு விடுதிக் கணக்கையும் மட்டுமே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் மாணவன், பட்டம் பெற்றதும் அவற்றையே நாடிச் செல்வான். அவனைக் குறைகூறுவதில் பொருளில்லை.

அடுத்து, மொழி. ஆங்கிலத்தில் பாடம் நடைபெறுவதை நாம் பழிக்கவில்லை. உலகத்தோடு உறவாட அது வேண்டும். ஆனால், தமிழ் எழுத்தைக் கணினி கையாளும் முறையை அறியாத ஒரு பட்டதாரி வன்னிக்கு என்ன செய்வான்? ‘வவுனியா’ என்னும் சொல் நமக்கு நான்கு எழுத்து. ஒருங்குறி முறையில் இயங்கும் கணினிக்கோ அது ஏழு குறியீடு. உயிர்மெய்யின் மெய்க்கு ஒன்றும் உயிர்க் குறிக்கு ஒன்றுமாக அது எண்ணுகின்றது. இதனை அறியாதவன் எழுதும் நிரல் பெயரைப் பாதியில் துண்டிக்கும். கொம்பும் விசிறியும் தனியே தொங்கும். வெள்ள எச்சரிக்கை நள்ளிரவில் சிதைந்த எழுத்தில் வந்தால், அதை வாசிப்பது யார்?

‘.இலங்கை’ என்னும் தமிழ் இணைய முகவரி 2010இலேயே கிடைத்தது. நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை 2005 முதல் தன்னார்வலர்கள் கட்டியெழுப்பி வருகின்றனர். ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் இவ்வளவு செய்யும்போது, பல்கலைக்கழகத்தின் பாட நேரத்தில் தமிழுக்கு இடமில்லை என்று எவரேனும் கூறத் துணிவரோ?

நாம் வேண்டுவன மூன்று. கணிதமும் புள்ளிவிபரவியலும் உள்ளிட்ட அடிப்படைப் பாடங்களில் ஒரு மணி நேரமும் குறைக்கப்படலாகாது. தமிழ்க் கணிமை கட்டாய பாடமாதல் வேண்டும். இறுதியாண்டு ஆய்வுத் திட்டங்களில் ஒரு பங்கு, காலபோகம், சிறுபோகம், குளம், நெல் விற்பனை ஆகிய வன்னிப் பிரச்சினைகளுக்கே ஒதுக்கப்படல் வேண்டும். அவற்றின் பயன் கமக்காரர் அமைப்புகளின் முன் தமிழில் எடுத்துரைக்கப்படல் வேண்டும்.

ஆங்கிலமும் கற்றுக் கணிதமும் கற்ற இளைஞன் கொழும்புக்கும் போகலாம், கனடாவுக்கும் போகலாம். அது அவன் உரிமை. ஆனால், தன் ஊர்க் குளத்தின் நீர்மட்டத்தைக் கணிக்க அவனுக்கு ஒருநாளும் கற்பிக்கப்படவில்லை என்ற பழி நமது பல்கலைக்கழகத்தைச் சேரலாகாது. உழவரே, உத்தியோகத்தரே! பாடத்திட்டம் திருத்தப்படும் நாளில் உங்கள் குரல் அங்கே ஒலிக்கட்டும். கம்பனிகளின் குரல் மட்டும் கேட்கும் சபையில் கம்பனிகளின் பாடமே நிறைவேறும்!