பத்தாவது முடித்த பிள்ளை: பள்ளியா, ஐ.டி.ஐ.யா?

கேள்வி: எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை. மகன் பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ப்ளஸ் ஒன் வேளாண் அறிவியல் தொழிற்பிரிவு இருக்கிறது. அவன் அப்பா ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்கிறார். எதில் சேர்த்தால் வேலை கிடைக்கும்?
– வாசகி ஒருவர், திருவாரூர் மாவட்டம்

பதில்: அம்மா, விதை விடுவதற்கு முன் அந்த ரகத்தை வாங்க ஆள் உண்டா என்று விசாரிக்கிறோம். பிள்ளையின் படிப்புக்கும் அந்த விசாரணை வேண்டும்.

ஒரு சம்பா அறுவடையில் நான் பார்த்தது இது. பெல்ட் அறுந்து இயந்திரம் வயலிலேயே நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கவில்லை. ப்ளஸ் டூ முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான்கு பையன்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேலையும் இருந்தது, ஆளும் இருந்தார்கள். கையில் தொழில்தான் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ப்ளஸ் டூ தொழிற்பிரிவு 1978 முதல் நம் பள்ளிகளில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. மகனுக்கு மேலே படிக்கும் ஆர்வம் இருந்தால் இது நல்ல வழி. ஆனால் ப்ளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு உடனே வேலை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய குடும்பம் என்றால் ஐ.டி.ஐ. மேல். டிராக்டர் மெக்கானிக் ஓராண்டு. வேளாண் இயந்திர மெக்கானிக், எலக்ட்ரீசியன் இரண்டாண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்தபின் தொழில் பழகுநர் பயிற்சியும் பெற்றால் மதிப்பு கூடும். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. ஆகவே ஐ.டி.ஐ. போனால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் மகனையும் அழைத்துக்கொண்டு மூன்று இடத்துக்குப் போய் வாருங்கள்.

ஒன்று, உங்கள் பகுதியில் உள்ள டிராக்டர் பட்டறை, மோட்டார் காயில் கட்டும் கடை, அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுபவர். "எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை? பழகியவனுக்கு என்ன கூலி தருவீர்கள்?" என்று கேளுங்கள்.

இரண்டு, சேர்க்கப்போகும் பள்ளி அல்லது ஐ.டி.ஐ. அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறைக்கு வயலோ இயந்திரமோ இருக்கிறதா, பிள்ளைகள் தங்கள் கையால் செய்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்று, இரண்டு வருடம் முன்பு அங்கே படித்து முடித்தவரின் வீடு. அவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக மகனைக் கேளுங்கள். கிரீஸ் படிந்த கையை அவன் கௌரவக் குறைவாக நினைத்தால், எந்தச் சான்றிதழும் உதவாது. விருப்பத்தோடு பழகினால், அடுத்த சம்பாவில் உங்கள் ஊர் இயந்திரம் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.