பச்சோந்தியும் ஒரு சொட்டுத் தண்ணியும்

போன சித்திரையில், நத்தத்தில் எங்கள் தெருமுனைப் புளியமரத்தில் அக்கா மகன் ஒரு பச்சோந்தியைப் பிடித்தான். காலி மீன்தொட்டியில் விட்டு, கிண்ணம் நிறையத் தண்ணீரும் வைத்தான்.

"மாமா, ரெண்டு நாளா தண்ணியே குடிக்க மாட்டேங்குது!"

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சு. செல்போனைத் துழாவினேன். பச்சோந்திக்குக் கிண்ணத் தண்ணீர் கண்ணிலேயே படாதாம். இலையில் உருளும் சொட்டைத்தான் நக்குமாம். காலை, மாலை தண்ணீர் தூவி, நடுவில் காயவிட வேண்டும். காற்றே இல்லாமல் எந்நேரமும் ஈரம் என்றால் மூச்சுக் கோளாறு வரும்.

சலூன் கடையில் ஸ்பிரேயர் இரவல் வாங்கி, தொட்டி மூடியைத் திறந்து, செம்பருத்திக் கொப்பில் அடித்தேன். ஒரு கண் என்மேல், மறு கண் இலைமேல். மெள்ள நக்கியது! எனக்குப் பிரமோஷன் வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

அடுத்த வரியைப் படித்தேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம்மூர்ப் பச்சோந்தியை வீட்டில் வளர்ப்பது குற்றம். இப்போது நிறம் மாறியது நான்!

சாயங்காலமே அதே புளியமரத்தில் விட்டோம். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா, இனிமே யாரு தண்ணி அடிப்பா?"

"கோடை மழை வரும்டா."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அவனில்லை சார், நான்!