"அங்க யாரைத் தெரியும்?"

வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன்னு சொன்னா, தோட்டத்துல அடுத்து வர்ற கேள்வி "அங்க யாரைத் தெரியும்?" என்பதுதான். குறுக்குவழி தேடுற கேள்வின்னு இதை ஒதுக்கிட முடியாது. வேலைச் சந்தை எப்படி நடக்குதுன்னு நம்ம சனம் பட்டு அறிந்தது அது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசுது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த தொழில்வாண்மையாளர்களிடம் அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் வேலை பெற்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது சந்திக்கிறவர்களே உதவினார்கள். நெருங்கிய கூட்டாளிக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். புதுத் தகவல் வெளியே இருந்துதான் வரணும்.

தோட்டத்துல அந்த 'வெளியே' எங்க இருக்கு? வேலைத்தளமும் வீடும் ஒரே எல்லைக்குள். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம்கூட தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்தபிறகு கைக்கு வந்த கடிதங்கள் மலையகத்துக்குப் புதுசு இல்ல.

அமைப்புகளையும் சேர்த்துப் பாருங்க. துரைமாருக்கு 1854இலேயே சங்கம் வந்துவிட்டது. தோட்ட உத்தியோகத்தருக்கு 1920இல் வந்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும் இவர்களுக்குத் தொழில் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம் என்று ஆட்களைத் தெரியவந்தது. தொழிலாளிக்கும் சங்கம் இருக்கு, சந்தாவும் சம்பளத்தில் வெட்டுப்படுது. ஆனா அந்தத் தொடர்பு தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர், கொழும்பு என்று மேல்நோக்கியே போகுது. பலாங்கொடையில் படித்த பிள்ளைக்கும் தெரணியகலையில் படித்த பிள்ளைக்கும் நடுவில் அது பாதை போடல.

சப்ரகமுவைக்கு இது இரட்டைச் சிக்கல். பெரிய சங்கங்களின் அரசியல் பலம் நுவரெலியாவில். இறக்குவானை, எட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டங்களோ சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கு. வேலைத்தளமும் கைகொடுக்கல, சங்கமும் கைகொடுக்கல என்றால், மிச்சம் இருப்பது ஒரு சிபாரிசுக் கடிதம். அதுக்குப் பின்னால நன்றிக்கடன் ஒன்னும் வரும்.

"திறமை இருந்தா போதும்" என்பார்கள். விண்ணப்ப முடிவுத் திகதி கடந்தபிறகு தெரியவரும் வேலைக்குத் திறமை என்ன செய்யும்?

இன்று நம்ம தோட்டங்களிலிருந்து போன ஆசிரியர்கள், தாதியர், கணக்காளர்கள், வங்கி ஊழியர்கள் இருக்கிறார்கள். இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து இவர்கள் பெயர், துறை கொண்ட ஒரு பட்டியல் போதும், ஆரம்பிக்கலாம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் வெற்றிடங்களை அன்றைக்கே பகிரலாம். நேர்முகத்துக்குப் போகிறவருக்கு, ஏற்கெனவே போனவர் ஒரு அழைப்பு எடுக்கலாம்.

இதுவும் இன்னொரு சிபாரிசுக் கூட்டமா மாறாதா? மாறலாம். சொந்தக்காரன், சாதிக்காரன், நம்ம சங்கத்து ஆள் என்று பார்த்துத் தகவல் கொடுத்தா கட்டாயம் மாறும். அதனால தகவல் எல்லாருக்கும் போகணும், தெரிவு அவங்கவங்க தகுதியில் நடக்கணும். இந்த ஒரு விதியை முதல் நாளே எழுதி வைப்போம்.