சன்னமும் சாட்சி சொல்லும்

துப்பாக்கிச் சன்னம் உடலைத் துளைக்கையில் தானும் உருக்குலைகிறது. உள்ளே ஈயமும் மேலே செம்புக் கலப்புத் தகடும் கொண்ட சன்னம் எலும்பிற் பட்டால் நசுங்கும், வளையும், சில வேளை சிதறும். நுனியில் ஈயம் வெளித் தெரியும்படி செய்யப்பட்டதாயின், காளான்போல் விரிந்து தசையைக் கிழிக்கும். அத்தகைய சன்னத்தைக் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், 1890களில், ஆங்கில ஆட்சியினர் செய்தனர். இந்தியாவின் வடமேற்கு எல்லை மக்கள்மீது அது பாய்ந்தது. 1899 யூலை 29இல், ஹேக் நகரிற் கூடிய நாடுகள் பல விரியும் சன்னங்களைப் போரிற் பயன்படுத்துவதில்லை எனப் பிரகடனஞ் செய்தன. பிரித்தானியா அதனை ஏற்றது 1907இலேதான். அப்பிரகடனமும் அதனை ஏற்ற நாடுகள் தம்முட் பொருதும் போருக்கு மட்டுமே உரியதாயிருந்தது. சொந்தக் குடிகளைச் சுடும் அரசை அது தொடவில்லை.

யாழ்ப்பாணத்தில் வாழும் நமக்கோ இதற்கு முந்திய கேள்வியொன்று உண்டு. பாய்ந்தது எவ்வகைச் சன்னம் என்பதன்று. சன்னம் பாய்ந்ததா என்பதே இங்கு மறைக்கப்படுகிறது. 2016 ஒக்டோபர் 20ஆம் நாள் இரவு, குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டனர். வீதி விபத்து என்றே முதலிற் கூறப்பட்டது. பிரேத பரிசோதனையோ ஒருவருடலிற் சூட்டுக் காயத்தைக் காட்டிற்று. பொலிஸார் ஐவர் கைதாயினர். அப்பரிசோதனை நடவாதிருந்தால்?

அந்நிலையை நாடு முன்னரே கண்டதுண்டு. 1983 யூன் 3இல் வந்த அவசரகால 15ஏ விதி, மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் இன்றியே உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் வழிசெய்தது. உடலோடு சாட்சியமும் மண்ணுக்குள் சென்றது.

ஆயினும் மண் எல்லாவற்றையும் அழித்துவிடாது. துப்பாக்கிக் குழலினுள்ளே உள்ள சுழல் வரிகள் சன்னத்தின் மேற்றகட்டிற் பதிகின்றன. நுனி நசுங்கினும், அடிப்பாகத்தில் அவ்வரிகள் எஞ்சுவதுண்டு. மண்டையோட்டிற் சன்னம் புகுந்த துளை பொதுவாக வெளிப்புறம் சிறுத்து உட்புறம் அகன்றிருக்கும். வெளியேறிய துளை அதற்கு மாறாக இருக்கும். நெற்றியிற் சுட்டனரா, பிடரியிற் சுட்டனரா என்பதை, தசை அழிந்த பின்னரும் எலும்பு உரைக்கும்.

செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டனர் என, கிருசாந்தி கொலை வழக்கிற் குற்றவாளியாகக் காணப்பட்ட இராணுவத்தினர் ஒருவர் 1998 யூலையில் நீதிமன்றிற் கூறினார். 1999இல் 15 உடல்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025இல், சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

ஆகவே நாம் கோருவது இதுவே. எலும்புகளைக் கழுவுமுன் ஒவ்வொரு கூட்டையும் எக்ஸ்ரே படம் எடுத்தல் வேண்டும். புதைகுழி மண்ணைச் சல்லடையிற் சலித்து, கிடைக்கும் ஒவ்வோர் உலோகத் துண்டுக்கும் இலக்கமிட்டு, முத்திரையிட்டு, நீதவானிடம் ஒப்படைத்தல் வேண்டும். அது எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பது எழுத்திற் பதியப்படல் வேண்டும். உறவினர் நம்பும் நிபுணர் ஒருவர் உடனிருந்து பார்த்தல் வேண்டும். சன்னம் கிடையாவிடின், அதுவும் பதியப்படட்டும்; சூடு பட்டவர் எல்லோர் உடலிலும் சன்னம் தங்குவதில்லை.

இவை சலுகைகள் அல்ல. எந்தக் கொலை விசாரணைக்கும் உரிய சாதாரண ஒழுங்குகள். இவற்றை மறுக்கும் அரசு, எதனை மறைக்க முயல்கிறது என்ற கேள்விக்கு விடை கூறியே ஆகவேண்டும்.