நீலத் திமிங்கிலமும் ஒரு தவறான அளவுகோலும்

அண்டார்க்டிக் சமுத்திரத்து நீலத் திமிங்கிலம் அருகிப் போனதற்கு மனிதனின் பேராசையே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அது பொய்யன்று. எனினும், அப்பேராசைக்குச் சட்டப்படியான கருவியாக அமைந்தது ஒரு கணக்கு முறை என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. களப் பணியாளரும் ஆசிரியரும் அறிய வேண்டிய பகுதி அதுவே.

தென் ஜார்ஜியாத் தீவில் 1904-இல் வேட்டை நிலையம் அமைந்தபோது, தென் சமுத்திரத்தில் இவ்வினம் ஏறத்தாழ 2,39,000 இருந்திருக்கும் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. 1930-31 பருவத்தில் மட்டும் 29,000-க்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன. எண்ணெய் சந்தையில் தேங்கவே, கம்பெனிகள் உற்பத்தியைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முற்பட்டன. அதற்காகக் கையாளப்பட்ட அளவே ‘நீலத் திமிங்கில அலகு’. ஒரு நீலத் திமிங்கிலம், இரண்டு துடுப்புத் திமிங்கிலம், இரண்டரைக் கூனல் திமிங்கிலம், ஆறு ஸேய் திமிங்கிலம் ஆகியவை எண்ணெயில் சமம் என்று கொள்ளப்பட்டது.

வியாபாரிக்கு இது பொருத்தமான அளவுதான். ஆனால் யுத்தத்தின் இறுதியில் அரசாங்கங்கள் வேட்டைக்கு உச்சவரம்பு விதித்தபோது, அதே அலகையே எடுத்துக்கொண்டன. வரம்பு 16,000 அலகு. 1946-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி தோன்றிய சர்வதேசத் திமிங்கில வேட்டைக் கமிஷனும் இம்முறையையே தொடர்ந்தது. 16,000 அலகு என்பது 16,000 நீலத் திமிங்கிலமாகவும் இருக்கலாம்; 96,000 ஸேய் திமிங்கிலமாகவும் இருக்கலாம். மந்தையிலுள்ள பசுக்களையும் ஆடுகளையும் எண்ணாமல், கறந்த பாலைப் படியால் அளந்துவிட்டு மந்தை குறையவில்லை என்று சொல்வதை இது ஒக்கும்.

இதன் விளைவு விபரீதமானது. சாதாரணமாக, வேட்டைப் பிராணி அரிதானால் அதைத் தேடிச் செல்வது நஷ்டமாகும். வேட்டை தானே ஓயும். இங்கே அவ்வாறு நிகழவில்லை. கப்பல்களின் செலவுக்குத் துடுப்புத் திமிங்கிலங்கள் ஈடு கொடுத்தன. அவற்றைத் தேடும் வழியில் நீலத் திமிங்கிலம் ஒன்று தென்பட்டால், ஒரே ஈட்டியில் ஒரு முழு அலகு கிட்டிற்று. அதை எவர் விடுவர்? 1946-47 பருவத்தில் 9,000-க்கு மேற்பட்டவை பிடிபட்டன. 1962-63-இல் 1,000-கூட இல்லை. பல ஆண்டுகள் கழித்தே பருவமெய்தி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும் பிராணி இந்த இழப்பை எவ்வாறு ஈடு செய்யும்?

குறிப்பெடுத்தவர்கள் தவறு செய்தார்கள் என்று நினைத்தல் கூடாது. ஆலைக் கப்பல்களில் ஒவ்வொரு திமிங்கிலத்தின் இனம், நீளம், பால் ஆகியன பதிவாயின. நார்வேயிலுள்ள புள்ளிவிவர நிலையத்திற்கு அவை சென்று சேர்ந்தன. சரிவு அந்த ஏடுகளிலேயே தெரிந்தது. சோவியத் கப்பல்கள் பொய்க் கணக்குக் கொடுத்தது 1993-இல் வெளியாயிற்று. 48,000-க்கு மேற்பட்ட கூனல் திமிங்கிலங்களைக் கொன்றுவிட்டு 2,710 என்று அறிவித்திருந்தன. இது பெருங் குற்றம். ஆயினும் அண்டார்க்டிக் நீலத் திமிங்கிலத்தை அழித்தது பெரும்பாலும் மெய்க் கணக்கே. மெய்யான விவரத்தைத் தவறான அலகில் கூட்டியதுதான் கேடு.

சாப்மன், ஆலன், ஹோல்ட் ஆகிய மூவர் குழு அந்த ஏடுகளைக் கொண்டே ஆராய்ந்து, நீலத் திமிங்கிலத்தை அறவே விட்டுவிட வேண்டும், அலகு முறையைக் கைவிட்டு ஒவ்வோர் இனத்திற்கும் தனி வரம்பு விதிக்க வேண்டும் என்று 1963-இல் தெரிவித்தது. முதல் யோசனை சில ஆண்டுகளில் நிறைவேறியது. இரண்டாவதற்கு 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒன்பதாண்டுத் தாமதத்திற்கு நியாயம் கற்பிப்பது கடினம். அச்சமயம் எஞ்சியவை சுமார் 360 என்று பிற்கால மதிப்பீடு கூறுகிறது.

எண்ணிக்கை இப்போது மெல்ல உயர்ந்து வருகிறது. 1990-களின் இறுதியில் சுமார் 2,000 என மதிக்கப்பட்டது. இன்று எண்ணெய்ப் பீப்பாயால் எவரும் அளப்பதில்லை. முதுகின் புள்ளிகளைப் படம்பிடித்தும், நீருக்கடியில் அதன் தாழ்ந்த குரலைக் கேட்டும் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். வேட்டை தொடங்கிய தென் ஜார்ஜியாவின் அருகில், நெடுங்காலம் ஏறத்தாழ ஒன்றுமே காணாதிருந்த நீரில், 2020-இல் 50-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கண்ணில் பட்டன.