மதுவும் மூளையும்

“அளவாய் அருந்தின் மது தீங்கு செய்யாது” என்பார் நம் புதுக்கோட்டையிலும் பலர். எம்.ஆர்.ஐ. எனும் காந்தப் படக்கருவி அக்கூற்றை ஐயுறச் செய்கின்றது. 2022-இல் வெளிவந்த ஆய்வொன்று, பிரிட்டன் மக்கள் 36,000-க்கு மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஒப்புநோக்கிற்று. நாளும் ஓரிரு கோப்பையே அருந்துவோரிடத்தும் மூளையின் கனவளவு சற்றுக் குறைந்திருக்கக் கண்டனர். குடி ஏறுந்தோறும் குறைவும் ஏறிற்று.

நன்று தீது ஓர்தற்கும் தன்னடக்கத்திற்கும் உரிய முன்மூளையோ, ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டேயிருப்பது. நம் மாநிலத்திலோ, 2003 முதல் மதுவைச் சில்லறையாய் விற்பது அரசு நிறுவனமே. 21 வயது நிரம்பினோர் வாங்கலாமென்பது சட்டம். அவ்வெல்லையை மூளை அறியுமோ?

குடியைக் கைவிட்டோர்க்கு, சுருங்கிய மூளை ஓரளவு மீள்தலையும் இப்படங்கள் காட்டுகின்றன. ஆதலின் குடியரை இகழாது மீட்டல் கற்றோர் கடன். தொடங்காதிருத்தல், மாணவ நண்பர்காள், நம் கடன்.