நஞ்சையில் மைதானம் வேண்டாம்

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் உரிமை ஆமதாபாத்துக்குக் கிடைத்திருப்பதையும், 2036ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கையும் நம் தேசத்துக்குக் கொண்டுவர மத்திய சர்க்கார் முயன்று வருவதையும் கண்டு மகிழாதவர் சிலரே இருப்பர். ஆயினும், இத்தகைய உற்சாகம் பெருகும் காலங்களில் ஊர்தோறும் அரங்கம், பயிற்சி நிலையம், வீரர் விடுதி என்று திட்டங்கள் முளைப்பதும், இடம் தேடுவோரின் பார்வை சமதளமாகவும் சாலையோரமாகவும் உள்ள பூமியின் மேல் முதலில் விழுவதும் இயல்பு. தஞ்சைத் தரணியில் அப்படிப்பட்ட பூமி பெரும்பாலும் நெல் விளையும் நஞ்சையே ஆதலால், இவ்விஷயத்தில் நம் அபிப்பிராயத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது கடமை என்று கருதுகிறோம்.

2010இல் டில்லியில் நடந்ததை மறந்துவிடலாகாது. காமன்வெல்த் போட்டிக்கு வந்த வீரர்களுக்காக யமுனைக் கரையில் குடியிருப்பு எழுப்பியதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தனர்; அது வெள்ளச் சமவெளியே அல்ல என்று கூறி உச்ச நீதிமன்றம் 2009இல் கட்டுமானத்தை அனுமதித்தது. மறு ஆண்டு செப்டம்பரில், போட்டி தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், யமுனை பெருகி அக்கட்டடங்களின் அடித்தளத்தில் நீர் தேங்கிற்று. தீர்ப்பை நதி படித்திருக்கவில்லை போலும்! போட்டிகளின் செலவோ, முதலில் போட்ட மதிப்பீட்டைப் போல் பல மடங்காகி 18,500 கோடி ரூபாயைத் தாண்டியதாக, 2011இல் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட தணிக்கை அறிக்கை எடுத்துரைத்தது.

யமுனைக் கரைக்கே இக்கதியென்றால் காவிரிப் படுகையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. இங்கே எந்த வயலும் தனி வயல் அன்று. வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் குடமுருட்டியிலும் பிரிந்து, கிளை வாய்க்கால்களின் வழியே வந்து சேரும் தண்ணீர், மேல் வயலின் மடை கடந்து கீழ் வயலுக்குப் பாய்ந்து, எஞ்சியது வடிகாலில் இறங்கிக் கடலை நோக்கிச் செல்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சிறு சரிவை நம்பியே ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்காமல் தப்புகிறது. இச்சரிவின் நடுவே பத்து ஏக்கரைத் தேர்ந்து, கிராவல் கொட்டி நாலடி உயர்த்தி, சுற்றுச்சுவரும் வாகனம் நிறுத்தும் தளமும் அமைத்துவிட்டால், கெடுவது அந்தப் பத்து ஏக்கர் மட்டுமன்று. மேலே உள்ள வயல்களுக்கு வடிகாலும், கீழே உள்ளவற்றுக்குப் பாசனமும் ஒருங்கே அடைபடும். நிலத்தை விற்றவர் பணம் பெறுகிறார். பக்கத்து வயல்காரருக்கு நஷ்டஈடு கொடுப்பார் யாருமில்லை.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டே என்பர். 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற புதிய தொழில்களையும் தடை செய்கிறது. அந்த அளவில் அது போற்றத்தக்கதே. ஆனால் அத்தடைப் பட்டியலில் மனைப்பிரிவும் இல்லை, மைதானமும் இல்லை. ஆலையால் அழிந்தாலும் அரங்கத்தால் அழிந்தாலும் வயல் அழிந்ததுதான்.

டெல்டாப் பிள்ளைகள் ஓடவும் ஆடவும் களம் வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. தஞ்சை நகருக்குள் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. பள்ளி, கல்லூரி மைதானங்கள் இருக்கின்றன. அவற்றைச் செப்பனிட்டு, மாலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதே முதல் வேலை. அதற்கு மேலும் இடம் தேவையெனில் வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலத்தை நாடலாம். அங்கும் ஏரி, குளம், அவற்றின் வரத்து வாரிகளைத் தொடலாகாது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளைச் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நான்கு நகரங்கள் பகிர்ந்து நடத்தின; ஒரே ஊரில் அனைத்தையும் குவிக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே போதிய அத்தாட்சி.

இனி, பணத்தின் பொறுப்பு. சென்னையில் 2023 டிசம்பரில் நடக்கவிருந்த வீதிக் கார்ப் பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்டு இறுதியில் நடந்தது. அதற்குள் செலவை ஏற்பது அரசா, நடத்தும் தனியாரா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை சென்றுவிட்டது. நீதிமன்றத்தில் கேட்க நேர்ந்த அக்கேள்வியை மன்றத்தில் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். 1976 ஒலிம்பிக்கை நடத்திய மாண்ட்ரியல் நகரம் அதற்காகப் பட்ட கடனை அடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. ஆகவே எந்தப் பெரும் போட்டியாயினும், எந்த அரங்கமாயினும், மொத்தச் செலவும் பின்னாளைய பராமரிப்புச் செலவும் மாநகராட்சி மன்றத்திலும் சம்பந்தப்பட்ட கிராம சபையிலும் முன்கூட்டியே வைக்கப்பட்டு, அவற்றின் சம்மதம் பெற்ற பின்னரே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட வேண்டும்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி ஒன்றுகூடி, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலில் நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்றும் பெருங்கட்டுமானங்களையும் சேர்க்கும் திருத்தத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். அதுவரை விளையாட்டின் பெயரால் ஒரு குழி நஞ்சையும் வகை மாற்றப்படலாகாது என்று மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.